‘சூடு’ என்றால் எந்தச் சூடு?

அன்புள்ள வண்டன்மேட்டு வாசகிக்கு,

உங்கள் கடிதம் நாலு நாளாக என் மேசையில் கிடக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாள், பாதியில் பேனா மை தீர்ந்து பென்சிலுக்கு மாறிய எழுத்து. உறையைப் பிரித்ததும் மோந்து பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். ஏலக்காய் வாசம் நிஜமாகவே வந்ததா, வண்டன்மேடு என்ற பெயரைப் பார்த்ததும் மூக்கு தானாகக் கற்பித்துக்கொண்டதா, சொல்லத் தெரியவில்லை. நானும் அந்த மலையில் லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான். இப்போது ஜாகை கம்பத்தில். இன்றைக்கும் விடியற்காலையில் கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்புகளின் உறுமலில்தான் கண் விழிக்கிறேன்.

இருபது நாளுக்கு ஒருமுறை வாய்ப்புண் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ் உதட்டுக்கு உள்ளே ஒன்று, சில சமயம் நாக்கின் ஓரத்தில் ஒன்று. ஒரு வாரம் பத்து நாள் இருந்துவிட்டுத் தானே ஆறிப்போகிறது. அப்பாடா என்று மிளகாய்ச் சட்னியைத் தொடுவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். பக்கத்து லயத்து அக்கா வயிற்றுப்புண் என்கிறார். மெடிக்கலில் கேட்டால் பி-காம்ப்ளெக்ஸ் பத்து எண்ணிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரர் மட்டும், நீ பல்லை ஒழுங்காக விளக்குவதில்லை என்கிறாராம். (இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். பின்னால் பற்பசையைப் பற்றிச் சொல்லும்போது ஓரளவு அவர் பக்கமும் பேசுவேன்.)

உங்களைத் தூங்கவிடாத இரண்டு கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் புண் பிள்ளைக்கு ஒட்டாது. ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது. இது கிருமி பரப்பும் நோய் இல்லை. மூன்று வருடமாக வேறு வேறு இடத்தில் வந்து, ஒவ்வொரு முறையும் முழுதாக ஆறிப்போகிற புண் புற்றுநோயின் போக்கும் இல்லை. பயப்பட வேண்டிய புண் எப்படி இருக்கும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அதைத் தவறாமல் படியுங்கள். நான் டாக்டர் இல்லை. மருத்துவச் செய்திகளை எழுதிப் பிழைக்கிறவன், பதினாறு வயதிலிருந்து இதே புண்ணோடு குடித்தனம் நடத்துகிறவன். இந்த இரண்டு தகுதியில்தான் எழுதுகிறேன்.

உங்களைப்போல என் அம்மாவும் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்தவர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவர் பின்னாலேயே தோட்டத்துக்குப் போவேன். மத்தியானம் ஏலச்செடிகளுக்கு நடுவே சாக்கை விரித்து உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார். வாய்ப்புண் உள்ள நாளில் சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கரைத்துக்கொள்வார். பிறகு தலையை வலது தோள் பக்கம் சாய்ப்பார். கஞ்சி இடது கன்னத்துப் புண்ணைத் தொடாமல் வலது பக்கமாகவே இறங்கித் தொண்டைக்குள் போக வேண்டும். ஒரு சொட்டு வழி தவறினாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கஞ்சியைப் பார்த்து ஏன்டி அழுகிறாய் என்று கங்காணி கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் வாயைத் திறக்காமல் சிரிப்பார். சிரித்தாலும் வலிக்குமே. அந்தச் சாய்ந்த தலைதான் எனக்குத் தெரிந்த முதல் வாய்ப்புண்.

இனி உங்கள் பெரிய கேள்வி. எதற்காகத் திரும்பத் திரும்ப வருகிறது?

போன வருடம் எனக்கு வந்த ஒரு புண்ணை, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு தினமும் பார்த்துக் குறித்து வைத்தேன். வேலையற்ற வேலைதான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் சொல்லித்தராததை அந்தக் கண்ணாடி சொல்லித்தந்தது.

முதல் நாள் புண்ணே இல்லை. உதட்டின் உட்பக்கம் ஓரிடத்தில் மட்டும் ஒரு முணுமுணுப்பு. சூடான கட்டஞ்சாயா பட்டால் அந்த இடம் தனியாக உறைக்கிறது. நாக்கு சும்மா இராமல் அங்கேயே போய்த் தடவுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் எதுவும் இல்லை. இரண்டாம் நாள் கடுகளவு சிவப்பு, தொட்டால் கொஞ்சம் மேடு. அன்று ராத்திரியோ மறுநாள் காலையிலோ அந்த மேட்டின் உச்சி உடைந்து குழி விழுகிறது. நாலாம் நாள் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளுமான ஒரு வட்டம், அதைச் சுற்றிக் குங்குமக் கோடு போட்டதுபோல் சிவந்த விளிம்பு. வலி உச்சத்துக்குப் போவது இந்த நாட்களில்தான். எட்டாம் நாள் விளிம்பின் சிவப்பு வெளுத்தது. பத்தாம் நாள் வட்டம் சுருங்கியது. பன்னிரண்டாம் நாள் எந்த உதட்டில் இருந்தது என்று டார்ச் அடித்துத் தேட வேண்டியிருந்தது. தழும்பு கிடையாது.

இந்தப் பன்னிரண்டு நாளில் உள்ளே நடப்பது இதுதான். நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்று ஒரு காவல் படை சுற்றிவருகிறது. வைரஸ் புகுந்த அணுவையும் கெட்டுப்போன அணுவையும் கண்டுபிடித்து அழிப்பது அதன் உத்தியோகம். முதல் நாளின் முணுமுணுப்பின்போது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நேரத்தில், இந்த டி அணுக்கள் அந்த ஓரிடத்தில் வந்து குவிந்துகொண்டிருக்கின்றன. அங்கே திருடன் இல்லை. இருப்பது வாயின் சொந்தத் தோல். ஆனாலும் அபாயச் சங்கு ஊதப்படுகிறது. அந்தச் சங்குகளில் முக்கியமான ஒரு ரசாயனத்துக்கு டி.என்.எஃப் என்று பெயர். அது பரவியதும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இடம் சிவக்கிறது, வீங்குகிறது. தோல் அணுக்கள் சாகின்றன, மேல்தட்டு இடிந்து குழி விழுகிறது. பிறகு வேறு வகை வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. நீங்கள் பார்க்கும் அந்த வெள்ளை மஞ்சள் படலம் சீழ் என்று பலர் நினைத்து நகத்தால் சுரண்டுகிறார்கள். அது செத்த அணுக்களும் ரத்தத்தின் உறைபொருளும் சேர்ந்து நெய்த ஒரு பாய். கீழே நரம்பு நுனிகள் அம்மணமாக இருக்கின்றன. பாயைப் பிய்த்தால் அவ்வளவுதான்.

டாக்டர்கள் இதற்கு அஃப்தஸ் அல்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வாழ்நாளில் எப்போதாவது இதைப் பார்க்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம் ஊர் வைத்தியத்தில் அக்கரம் என்றார்கள். பெரும்பாலும் சிறு வயதிலோ வாலிபத்திலோ ஆரம்பித்து, வயது ஏற ஏறத் தணியும். அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது மாமியார் பேச்சுக்கு வருவோம். அவரைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். வீக்கமும் சிவப்பும் எரிச்சலும் சேர்ந்த இந்தச் சங்கதிக்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. ஆயுர்வேதக்காரர்கள் வாய்ப்புண்ணை முகபாகம் என்கிறார்கள், பாகம் என்பது சமையல், அதாவது வாய் வெந்துபோவது. ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்பவர் அழற்சிக்கு நாலு அடையாளம் எழுதி வைத்தார். சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ஆக, சூடு என்ற சொல்லை மாமியார் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். அடுப்பு எங்கே எரிகிறது என்பதில்தான் அவருக்கும் எனக்கும் தகராறு. அவர் வயிற்றில் என்கிறார், உடம்பு முழுக்க என்கிறார். உடம்பு முழுக்க எரிந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும். எரிவது கடுகளவு இடத்தில். மோர் குடித்தால் குடல் குளிரலாம், இதமாகவும் இருக்கும், குடியுங்கள். உதட்டுக்குள் கூடி நிற்கும் டி அணுக்களுக்கு மோர் போய்ச் சேராது.

தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துவதை என்னைவிட நீங்கள் நன்றாகப் பார்த்திருப்பீர்கள். பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, ஏறத்தாழ 50 டிகிரிச் சூட்டில் ஒரு நாள்போல வைத்தால் பச்சை மாறாமல் காயும். சூடு குறைந்தால் பூசணம் பிடிக்கும். கூடினால் காய் வெடித்து, நிறம் வெளுத்து, புற்றடியில் ஏலத்துக்குப் போகும்போது விலை சரியும். அழற்சியும் அப்படி ஓர் அடுப்புதான். அது எரியாவிட்டால் முள் குத்திய விரல்கூட ஆறாது. உங்களுக்கும் எனக்கும் அந்த அடுப்பு கொஞ்சம் சுலபமாகப் பற்றிக்கொள்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. தாய் தகப்பன் இருவருக்கும் இது இருந்தால் பிள்ளைக்கு வர 90 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு என்பது அமெரிக்காவில் 1960-களில் நடந்த குடும்ப ஆய்வின் கணக்கு. டி அணுக்கள் எதைப் பார்த்து மிரள்கின்றன என்பதை மட்டும் இன்னும் ஆராய்ச்சி உறுதியாகப் பிடிக்கவில்லை. ஆனால் எந்தெந்தச் சுள்ளி விழுந்தால் பற்றும் என்பது ஓரளவு தெரியும்.

அதில் உங்களுக்கு மிக முக்கியமானது ரத்தம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ‘சரிவு ஏறினா நெஞ்சு படபடங்குது’ என்று. வாய்ப்புண்ணுக்காக எழுதிய கடிதத்தில் எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிந்தது. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி-12 இந்த மூன்றில் எது குறைந்தாலும் வாயின் உட்தோல் மெலிந்து, எளிதில் உடைகிற நிலைக்கு வரும். வாய்த்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் தன்னையே புதுப்பித்துக்கொள்ளும் தோல். அவ்வளவு வேகமாக வளர்கிற பயிருக்கு உரம் குறைந்தால் முதலில் தெரிவது அங்கேதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், நாடு முழுக்க 57 சதவீதம். கம்பம்மெட்டு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் உங்கள் கூட்டாளிகளில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் மெடிக்கலில் பத்து மாத்திரை வாங்குவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டின், பி-12, ஃபோலேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டப்பனையிலோ கம்பத்திலோ செய்துகொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவான சத்து மாத்திரை இதைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 160 பேரை வைத்து ஒரு வருடம்வரை சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தடுக்கவில்லை. ஆனால் இஸ்ரேலில் 58 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியான சோதனையில், ராத்திரி படுக்கும்போது 1000 மைக்ரோகிராம் பி-12 மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைத்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆறாவது மாதத்தில் புண்ணே வரவில்லை. மருந்து கலக்காத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 32 சதவீதம். ரத்தத்தில் பி-12 குறையாதவர்களுக்கும் பலன் இருந்தது என்பதுதான் அதில் விசேஷம். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கத் தகுந்த ஆய்வு. ஃபோலிக் மாத்திரையை மட்டும் நீங்களாகத் தொடர்ந்து விழுங்காதீர்கள். பி-12 குறைவு இருந்தால் அது ரத்தத்தைச் சரியாகக் காட்டிவிட்டு, உள்ளே நரம்பு கெடுவதை மறைத்துவிடும்.

இங்கே பக்கத்து லயத்து அக்காவையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயிற்றில் புண் இருந்தால் வாயில் புண் வரும் என்று நம்பி, வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார், நீங்களும் ஒன்றரை வருடமாகப் போடுகிறீர்கள். அந்த மாத்திரை அமிலத்தை அடக்குகிறது. உணவிலிருந்து பி-12-ஐயும் இரும்பையும் பிரித்தெடுக்க உதவுவதும் அதே அமிலம்தான். வருடக்கணக்கில் அடக்கினால் இரண்டும் குறையலாம். வாய்ப்புண்ணுக்கென்று ஆரம்பித்த மாத்திரையே வாய்ப்புண்ணுக்குச் சுள்ளி பொறுக்கிப் போடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அது உங்களுக்குத் தேவையா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

மற்ற சுள்ளிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கூரான பல், உதட்டைக் கடிக்கும் பழக்கம், தூக்கம் கெடுவது, மனக்கவலை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வருகிறது என்று பல பெண்கள் சொல்கிறார்கள், ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. நீங்கள் காலண்டரில் இரண்டையும் குறித்து வந்தால் உங்கள் கதை உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு பற்பசை. நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பொருள் வாயின் மேல்தோலில் உள்ள வழவழப்புப் படலத்தைக் கழுவிவிடுகிறது. அது இல்லாத பசைக்கு மாறியதும் புண் குறைந்தது என்று நார்வேயில் 1990-களில் காட்டினார்கள், எல்லா ஆய்வும் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், பார்த்து மாற்றிப் பாருங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை.

புகையிலை விஷயம் விசித்திரமானது. புகை பிடிக்கிறவர்களுக்கும் புகையிலை போடுகிறவர்களுக்கும் இந்தப் புண் குறைவாகவே வரும். விட்டுவிட்ட சில வாரங்களில் பலருக்குக் கிளம்பும். நம் தோட்டத்தில் வெற்றிலையோடு போயிலை போடும் கிழவிகள், எனக்கெல்லாம் ஒருநாளும் வாய்ப்புண் வந்ததில்லை என்று பெருமை பேசுவது பொய்யில்லை. போயிலைச் சூட்டில் அவர்கள் வாய்த்தோல் காய்ப்பு ஏறிக் கிடக்கிறது, அதனால் உடையவில்லை. அந்தக் காய்ப்பே நாளைக்கு வேறொன்றாக மாறலாம். வாய்ப்புண்ணுக்கு மருந்து என்று யாராவது ஒரு துண்டு நீட்டினால் வாங்காதீர்கள்.

இனி மருந்து. இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. கல்லூரி நாளில் ஒரு கிளினிக்கில், ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரே வருடத்தில் மூன்று முறை ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏழாம் நாள் புண் ஆறியது. மருந்து கேட்டது என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். சும்மா இருந்திருந்தாலும் ஏழாம் நாள் ஆறியிருக்கும் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. கிருமியால் வராத புண்ணுக்குக் கிருமிக்கொல்லி எதற்கு? அடுப்பைத் தணிக்க வேண்டும், அதுவும் பற்றும்போதே.

அதற்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பசை. இதை எல்லோரும் தப்பாகவே போடுகிறார்கள். ஈர வாயில் தேய்த்தால் எச்சிலோடு போய்விடும். சுத்தமான பஞ்சால் அந்த இடத்தை ஒற்றி உலர்த்துங்கள். மிளகளவு பசையை விரல் நுனியில் எடுத்து, தேய்க்காமல் வைத்து அழுத்துங்கள். அது படலம்போல் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டு முடித்த பிறகும் படுக்கும்போதும் போட்டால் நல்லது, அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். முக்கியமாக, குழி விழும்வரை காத்திருக்காதீர்கள். முதல் நாளின் முணுமுணுப்பு உங்களுக்கு இப்போது அத்துப்படி. அன்றைக்கே போட்டால் சில சமயம் புண் பிறக்காமலே போய்விடும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டினால் வாயில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கலாம்.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது எளிது, நல்லது. மாசிக்காயை உரசித் தடவுவார் என் பாட்டி. அதில் உள்ள துவர்ப்பு மேல்தோலை இறுக்கி ஒரு திரை போடுகிறது, வலி அடங்குகிறது. மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்வதை நான் இன்றைக்கும் விடவில்லை. அது மருந்தா என்று கேட்டால் வாதாட மாட்டேன். உறைப்பு இல்லாமல் வயிறு நிறைய ஒருவேளை சாப்பிட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எரிகிற ஜெல்களில் சாலிசிலேட் கலந்தவற்றைப் பிள்ளைகளுக்குத் தடவாதீர்கள்.

புண் பெரிதாக, விடாமல் வருகிறவர்களுக்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளும் உண்டு. அதில் ஒன்றின் கதை உங்களுக்குப் பிடிக்கும். கோல்ச்சிசின் என்று ஒரு மருந்து, வெள்ளை அணுக்களை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. அது கிடைப்பது செங்காந்தள் விதையிலிருந்து. வேலி ஓரத்தில் தீக்கொழுந்துபோல் பூக்குமே, தமிழ்நாட்டின் மாநிலப் பூ, கண்வலிக்கிழங்கு என்று சொல்லி ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் ஏக்கர் கணக்கில் போட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். தீ நிறத்துப் பூவிலிருந்து தீயணைக்கும் மருந்து. ஆனால் கிழங்கும் விதையும் கொடிய விஷம். டாக்டர் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பது வேறு, தோட்டத்தில் பிடுங்கி அரைப்பது வேறு.

இன்னொரு மருந்தின் பெயரைச் சொல்லவே தயக்கம், தாலிடோமைடு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, கை கால் வளராத பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல் பிறந்து, 1961-இல் சந்தையிலிருந்து விரட்டப்பட்ட மருந்து. அது டி.என்.எஃப் சங்கின் வாயை அடைக்கும் என்று பின்னாளில் தெரிந்தது. எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு வரும் கொடிய வாய்ப்புண்ணில் அதைச் சோதித்து 1997-இல் வெளியிட்டார்கள். நாலு வாரத்தில் 29 பேரில் 16 பேருக்கு முழுக்க ஆறியது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 28 பேரில் இரண்டே பேருக்கு. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அது நினைத்துப் பார்க்கவும் கூடாத மருந்து. உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம், வாய்ப்புண் அழற்சியின் வேலைதான் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை என்பதுதான். கிருமி ஒன்றையும் கொல்லாமல், அழற்சியைத் தணித்தார்கள், புண் ஆறியது.

பயப்பட வேண்டிய புண் எது என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா. ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் நிற்கும் புண். வலியே இல்லாத, அடிப்பாகம் கெட்டியான புண். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டுப் படிந்து போகாமல் இருப்பது. வாய் சுருங்கி, மூன்று விரல் நுழையாமல் போவது. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். உங்கள் மாநிலத்திலேயே திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஒரு பெரிய வேலை ஆரம்பித்தார்கள். 13 பஞ்சாயத்துகளைப் பிரித்து, ஏழில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய், டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். ஆர். சங்கரநாராயணனும் அவர் குழுவினரும் 2005-இல் லான்செட் இதழில் முடிவை எழுதினார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை, வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும்தான்.

வேறு சில சங்கதிகளையும் டாக்டர் கேட்பார், கூச்சப்படாமல் சொல்லுங்கள். வாயில் வருவதுபோலவே மறைவிடத்திலும் புண் வருகிறதா, கண் சிவந்து பார்வை மங்குகிறதா? 1937-இல் இஸ்தான்புல்லில் ஹுலூசி பெஹ்செட் என்ற தோல் மருத்துவர், தனித்தனியாகப் பார்த்துவந்த இந்த மூன்றும் ஒரே நோய் என்று கண்டார். அவர் பெயரிலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. கவனிக்காவிட்டால் கண் போகும். விடாத வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்றால் குடல் அழற்சி இருக்கலாம், பக்கத்து அக்காவின் வயிற்றுக் கதை பலிப்பது அந்த ஒரு சிலருக்குத்தான். மூட்டுவலிக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட வேண்டியவர்கள் தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், அது அவசர ஆபத்து. உங்கள் மாமியார் மூட்டுவலிக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். மார்வலிக்குக் கொடுக்கும் நிகோரண்டில் மாத்திரையாலும் ஆறாத புண் வருவதுண்டு.

இருபது நாளுக்கு ஒருமுறை என்று நீங்கள் எழுதியது என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை வெள்ளை அணு குறைந்து, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வருகிற அபூர்வ நோய் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும். மூன்று வருடக் கதை உங்களுக்கு, காய்ச்சலும் இல்லை, அதனால் அதுவாக இருக்காது. இருந்தாலும் ரத்தம் கொடுக்கும்போது இந்த இருபது நாள் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.

காலண்டர், பற்பசைப் பெட்டியின் பின்பக்கம், ரத்த ரிப்போர்ட் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பென்சிலிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
கம்பத்திலிருந்து உங்கள் கட்டுரைக்காரன்

பி.கு.: ஏலக்காயை மென்றால் ஆறுமா என்று ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்தீர்கள், மறந்தேவிட்டேன். வாய் மணக்கும், ஆறாது. தோலின் நுனி புண்ணில் குத்தினால் உயிர் போகும், நான் குத்திக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் இதையே ஒருநாள் கேட்டேன். இத்தனை வருடம் காய் எடுத்தாயே, வாய்ப்புண் வந்தபோது ஒன்று மென்று பார்த்திருக்கிறாயா என்று. ‘எல்லாம் எடை போட்டுத்தானேடா வாங்குவாங்க’ என்றார்.